மச்சாள் வேண்டாம் சொல்லப் பழகியது

என் வயதுக்காரர்கள் யாராவது இதை வாசித்தால் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நம் வாயில் அதிகம் புழங்கிய சொல் "வேண்டாம்" என்பதுதான். யார் வீட்டுக்குப் போனாலும், தட்டில் என்ன வந்தாலும், கண் பலகாரத்தில் இருக்க, வாய் "வேண்டாம் அன்ரி, இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனாங்கள்" என்று சொல்லும். இரண்டாம் முறை கேட்டாலும் வேண்டாம்தான், ஆனால் குரலைக் கொஞ்சம் இளக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு வாங்கலாம். வாங்கினாலும் கிளாசின் அடியில் ஒரு மிடறு மிச்சம் விட வேண்டும், இல்லாவிட்டால் காணாததைக் கண்ட பிள்ளை என்று பெயர் வரும். இதையெல்லாம் எப்போது படித்தோம் என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் பதினொரு வயதில் ஒருத்தி இதை முதலிலிருந்து படித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் என் மச்சாள், அம்மாவின் தம்பியின் மகள். மாமா ஜேர்மனியில் இருந்தார். கைக்குழந்தையாக அங்கே போனவளை அவர் திரும்பக் கொழும்புக்கு, வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அப்போது எனக்குப் பத்து வயது.

அனுப்பியதற்குக் காரணம் ஒரு விருந்தாளி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமாவைப் பார்க்க வந்த ஒருவர் இரவுச் சாப்பாடும் முடிந்து, கதையும் முடிந்து, திரும்பவும் கதை தொடங்கியிருக்கிறார். மச்சாள் படுக்கும் உடுப்போடு வந்து நின்று, "அங்கிள், எனக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம். நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கு எனக்குப் படுகிறது. ஆனால் அந்த மனிதர் எழும்பிப் போய், அந்த ஊரில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தியைச் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் தலை நிமிர முடியாமல் போனதாம்.

அவர் ஒரு கசெற்றில் பேசி அனுப்பியதை நாங்கள் மேசையைச் சுற்றி இருந்து கேட்டோம். "ஒரு ஆறு மாசம் உன்னோட வைச்சிரு அக்கா. எங்கட பழக்கவழக்கம் கொஞ்சம் பிடிபடட்டும். பிள்ளை பழகினாப் பிறகு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார். அம்மா கசெற்றை நிறுத்தி அந்த இடத்தை இன்னொருமுறை கேட்டார். தம்பி தன்னை நம்பி ஒரு வேலை தந்திருக்கிறான் என்ற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் கீழ்மாடியில் இருந்தது. ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்த கிளாசுகள் கிணுகிணுக்கும். அந்த நேரம் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, ரயில் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். மச்சாளுக்கு இது பெரிய ஆச்சரியம். வந்த புதிதில் அவள் மட்டும் ரயிலுக்கு மேலாகக் கத்திப் பேசுவாள்.

அவள் கொண்டுவந்த பொருள்களில் எனக்கு ஒரு நீல நிற நீச்சல் உடுப்பைத்தான் மறக்க முடியவில்லை. அவளுக்கு நீந்தத் தெரியும், பதக்கம்கூட வாங்கியிருக்கிறாள். ஒழுங்கை முடிவில் கடல் இருக்கிறது என்று தெரிந்ததும் முதல்நாளே அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அம்மா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு அந்த உடுப்பை இரண்டு விரலால் தூக்கி, அலுமாரியின் அடித்தட்டில் கூறைச்சேலைக்குக் கீழே வைத்தார். நாங்கள் தினமும் கடலின் சத்தத்தைக் கேட்டோம், அதன் உப்பில் ஜன்னல் கம்பிகள் துருப்பிடித்து உரிந்ததைப் பார்த்தோம், ஆனால் அந்த ஆறு மாதமும் அவள் கடலில் கால்கூட நனைக்கவில்லை.

முதல் அவமானம் மேல்மாடியில் நடந்தது. அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த அன்ரி பெருநாளுக்கு எங்களைக் கூப்பிட்டு வட்டிலப்பம் வைத்தார். நான் ஒழுங்காக வேண்டாம் சொல்லிக்கொண்டிருக்க, மச்சாள் தட்டை வாங்கிச் சாப்பிட்டு முடித்து, "நல்லா இருக்கு. இன்னும் வேணும்" என்றாள். அன்ரி மகிழ்ந்துபோனார். இந்தப் புள்ளைக்குத்தான் மனசில ஒண்டு வாயில ஒண்டு இல்ல என்று சொல்லி இரண்டு மடங்கு வைத்தார். அம்மாவுக்கோ முகம் கறுத்துவிட்டது.

அடுத்தநாள் ஒத்திகை தொடங்கியது. நான் வீட்டுக்காரி, மச்சாள் விருந்தாளி, அம்மா வாத்தியார். வெறும் கிளாசைத் தட்டில் வைத்துக்கொண்டு நான் குசினியிலிருந்து வருவேன். மச்சாள் கையை நீட்டினால் அம்மா மேசையில் தட்டுவார், நான் திரும்பக் குசினிக்குப் போவேன். எனக்கு இது பெரிய விளையாட்டு. மச்சாளுக்கு அப்படி இல்லை, அவள் கணக்குப் பாடம் படிப்பதுபோல முகத்தைச் சுருக்கிக்கொண்டு படித்தாள்.

"எனக்கு வேணும்தானே மாமி. பிறகேன் வேண்டாம் எண்டு சொல்ல வேணும்?"

"உடனே வாங்கினா வீட்டில சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டு நினைப்பினம்."

"நான் வேண்டாம் எண்டு சொன்னாப் பிறகு அவை திரும்பக் கேக்காட்டி?"

"கேப்பினம் பிள்ளை. மூண்டு தரமும் கேப்பினம்."

"கேக்காட்டி?"

அம்மா சிரித்தார். "கேக்காத ஆக்கள் எங்கட ஆக்களே இல்லை" என்றார்.

அந்தப் பதில் மச்சாளுக்குப் பிடித்துக்கொண்டது. எந்தப் பூட்டுக்கும் ஒரு திறப்பு இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அவள் அப்படிப்பட்ட பிள்ளை. அதன் பிறகு அவளுக்கு எல்லாம் விறுவிறுவென்று ஏறியது. போகிறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாறன் என்று சொல்லப் படித்தாள். பெரியவர்கள் கதைக்கும்போது சுவரைப் பார்க்கப் படித்தாள். பஸ்ஸில் அம்மா கையை அமத்தினால் தமிழை நிறுத்த வேண்டும் என்றும், காலி வீதிச் சிங்களக் கடைக்காரனை அவர்கள் பாஷையில் மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட வேண்டும் என்றும் படித்தாள். ரயில் வரும்போது பேச்சை நிறுத்தவும் படித்துவிட்டாள்.

பரீட்சை கொட்டாஞ்சேனையில் அப்பாவின் சொந்தக்காரர் வீட்டில். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனோம். வீட்டுக்காரி நெல்லி கிரஷ் கரைத்து, ஐஸ்கட்டி போட்டுக் கொண்டுவந்தார். மச்சாள் சொன்ன முதலாவது வேண்டாமும் இரண்டாவது வேண்டாமும் அவ்வளவு அழகு, எனக்கே பொறாமையாக இருந்தது. மூன்றாம் முறை வாங்கி, சத்தமில்லாமல் குடித்து, ஒரு மிடறு விட்டாள். ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை என்று யார் சொல்லுவார் என்றார் வீட்டுக்காரி. அம்மா வரும்வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். பஸ்ஸில் மச்சாள் என் காதுக்குள், விட்ட அந்த ஒரு மிடறையும் குடித்திருக்கலாம், அவ்வளவு தாகம் என்றாள்.

ஆறு மாதம் முடிய மாமா வந்தார். மச்சாளுக்கான பயணச்சீட்டையும் கொண்டுவந்திருந்தார். எப்படியிருக்கிறாள் என்று பார்த்து, அவளிடமும் கேட்டு முடிவெடுக்கலாம் என்று சொன்னதாக ஞாபகம். அவர் வந்த முதல் நாள் மச்சாள் தேத்தண்ணீரைத் தட்டில் வைத்து, கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு கொண்டுவந்தாள். மாமா கோப்பையை எடுக்க மறந்து அவளையே பார்த்தார். இது என் பிள்ளைதானா என்று அக்காவிடம் கேட்டார், கண் கலங்கியிருந்தது.

மாமாவிடமும் சில மாற்றங்கள் இருந்தன. நாங்கள் கண்டோம், ஆனால் யோசிக்கவில்லை. அம்மா இரண்டாம் முறை சோறு போடப் போனால் கையால் தட்டை மூடி, "போதும் எண்டாப் போதும் அக்கா" என்பார். குரலில் கொஞ்சம் எரிச்சல்கூட இருக்கும். ஒருநாள் மச்சாள் குளிக்கப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டி சொக்லேட்டை நீட்டி, வேணுமா என்று கேட்டார். வேண்டாம் மாமா என்றேன். சரி என்று பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். நான் குளியலறைக் கதவடியில் போய் நின்று அழுதேன். மாமா பகிடி விடுகிறார், பின்னேரம் திரும்பக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளப் பத்து வயது போதாது.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் மச்சாள் என்னைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டாள். கீழே அவளுடைய பை இருந்தது, எல்லா உடுப்பும் மடித்து அடுக்கி, சிப்பும் இழுத்து மூடியிருந்தது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த நீச்சல் உடுப்பையும் எடுத்து வைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியாது. அங்கே தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பாண் சுட்டு விற்கும் ஒரு கடை தெரியும் என்றும், காலையில் தன் அம்மாவோடு போய் அங்கே சூடாக வாங்குவதாகவும் சொன்னாள். அவளுக்குப் போக எவ்வளவு ஆசை என்பது அந்தப் பாண் கடையைச் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"அப்பா நாளைக்கு, என்னோட வாறியா எண்டு கேப்பார். நான் முதல் ரெண்டு தரமும் வேண்டாம் எண்டு சொல்லுவன். அப்பதான் நான் பழகிட்டன் எண்டு அவருக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. இப்போது நீங்கள் கேட்கலாம், நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று. என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த உலகத்தில் எல்லோரும் மூன்று முறை கேட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் வான் வாசலில் வந்து நின்றது. வழியனுப்ப மேல்வீட்டு அன்ரியும் இறங்கி வந்திருந்தார். அப்பா மாமாவின் சூட்கேசைத் தூக்கி வானில் வைத்தார். மாமா ஹோலின் நடுவில் நின்று மகளைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் முன்னால் கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"பிள்ளை, அப்பாவோட வாறியா, இல்லை மாமியோட இருக்கப் போறியா? உன்ரை விருப்பம்தான்."

மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். "வேண்டாம் அப்பா. நான் இங்கயே இருக்கிறன்" என்றாள்.

பிழையே இல்லாத வேண்டாம். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கிளாசுகள் கிணுகிணுத்தன, எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். ரயில் போனதும் மாமா இரண்டாவது முறை கேட்பார் என்று நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாய் திறக்க முந்தி மேல்வீட்டு அன்ரி மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"என்ன மகள், வாப்பாவோட போக ஆசை இல்லையா?"

அது இரண்டாவது முறை. மச்சாள் குரலைக் கொஞ்சம் இளக்கினாள். "இல்லை அன்ரி. இங்க நல்லா இருக்கு" என்றாள்.

மாமா கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். சரி, உன் விருப்பம் என்றார். பிள்ளைகள் ஒன்றைச் சொன்னால் அதை மதிக்க வேண்டும், வெளிநாட்டில் தான் படித்த நல்ல விஷயம் அதுதான் என்று அப்பாவிடம் சொன்னார். அம்மா, "தம்பி, அவள் பிள்ளை சும்மா" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னார். கூட்டிக்கொண்டு போ என்று சொன்னால், வீட்டில் நின்ற பிள்ளையை வெளியே கலைத்ததாகிவிடும். மச்சாளும் அப்படி நினைப்பாள், தம்பியும் அப்படி நினைப்பான். அப்பாவோ மனைவியின் தம்பி விஷயத்தில் வாய் வைக்காதவர். பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் நான் கதைப்பதற்கு வழியே இல்லை. மரியாதை தெரிந்தவர்கள் நிறைந்த ஹோல் அது, ஒருவர்கூட அந்தக் கேள்வியை மூன்றாம் முறை கேட்கவில்லை.

மாமா மகளைக் கொஞ்சிவிட்டு வானில் ஏறினார். மச்சாள் கேற்றடிக்குப் போய் நின்றாள். வான் ஒழுங்கையின் மற்ற முனையில் காலி வீதிக்கு ஏற இடம் பார்த்து நின்றது. பின்னால் சிவப்பு லைற் எரிந்தது. அவள் ஒரு காலை வெளியே வைத்தாள். பிறகு லைற் அணைந்து வான் திரும்பிப் போய்விட்டது.

"மாமி, இன்னும் ஒரு தரம் கேக்கேல்லை" என்றாள்.

அம்மா அப்படியே வாசல் படியில் இருந்துவிட்டார். அவர் அழுததை நான் முதன்முதலில் கண்டது அன்றைக்குத்தான். மச்சாள் அழவில்லை. ஏதோ ஒரு பாடத்தில் தனக்குத் தெரியாத பகுதி இருந்திருக்கிறது, அதை யாரும் சொல்லித்தரவில்லை என்பதுபோல எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அம்மா சும்மா இருக்கவில்லை. மாமா போய்ச் சேர்ந்ததும் ரெலிபோனில் பேசினார். அவள் வர ஆசைப்படுகிறாள் போலக் கிடக்கு என்று பட்டும் படாமலும் தொடங்கினார். உனக்கு அவளை வைத்திருப்பது கஷ்டமென்றால் நேரே சொல்லு அக்கா என்றார் மாமா. அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. கஷ்டமோ, அவள் என் பிள்ளை, ஒரு குறையும் இல்லாமல் வளர்ப்பேன் என்று சொல்லி ரெலிபோனை மச்சாளிடம் கொடுத்தார். சந்தோசமாக இருக்கிறாயா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். மச்சாள் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஓம் அப்பா, சந்தோசமா இருக்கிறன்" என்றாள். வேறு என்ன சொல்லுவாள்? அப்படிச் சொல்லத்தானே எல்லோரும் சேர்ந்து பழக்கினோம்.

கட்டிலுக்குக் கீழே பை பூட்டியபடியே கொஞ்சக் காலம் கிடந்தது. தேவைப்படும்போது ஒவ்வொரு உடுப்பாக வெளியே எடுத்தாள். புதுத் தவணையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பயணச்சீட்டு காலாவதியானது, அவளுடைய வதிவிட அனுமதியும் போனது. கடைசியாகப் பையில் மிஞ்சியது அந்த நீல உடுப்புத்தான். பல வருடம் கழித்து வீடு மாறும்போது எடுத்துப் பார்த்தோம், எலாஸ்ரிக் உருகிப் பிசுபிசுத்துக் கையோடு ஒட்டியது.

இப்போது மச்சாள் வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் இருக்கிறாள். நானும் பக்கத்தில்தான். கல்யாணம் கட்டி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நல்லாய்த்தான் இருக்கிறாள் என்று சொல்வேன், எனக்கு அதற்கு மேல் தெரியாது. ஒரேயொரு குறை, அவள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லித் தப்ப முடியாது. மூன்று முறையோடு விடமாட்டாள். ஐந்து, ஆறு என்று நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுடைய பிள்ளைகளுக்கு இதனால் ஒரே கோபம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் அம்மா என்று கத்திவிட்டு அறைக்குள் போவார்கள். இவள் கதவடியில் போய் நின்று இன்னொருமுறை கேட்பாள்.

மாமாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மச்சாளின் அம்மா காலமான பிறகு அங்கே தனியாக இருக்கிறார். சில வாரத்துக்கு முன் நான் மச்சாள் வீட்டில் இருந்தபோது போனில் வந்தார், திரையில் பாதி நெற்றிதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் பழைய கதையைத் தொடங்கினார். பிள்ளை இங்கே வந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும், ஆனால் அவளுக்கு விருப்பமில்லை, நான் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்தானே, நீயும் நின்றாய்தானே என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் பக்கத்திலிருந்து என் கையை அமத்தினாள், பஸ்ஸில் அம்மா அமத்துவதைப் போல. "ஓம் மாமா, நானும் நிண்டனான்" என்றேன். எண்பது வயது மனிதரிடம் வேறு எதைச் சொல்வது?

மச்சாள் போனை வாங்கினாள். "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டதாகச் சொன்னார்.

"உண்மையாச் சாப்பிட்டீங்களா?"

ஓம், இப்போதுதான் என்றார். எனக்கு ரயிலின் சத்தம் கேட்டதுபோல இருந்தது, ஆனால் பாமன்கடையில் ரயில் இல்லை. மச்சாள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், முழு முகமும் தெரிந்தது.

"இல்லைப் பிள்ளை" என்றார். "இன்னும் இல்லை."